ஏற்காட்டில் ரெடிமேட் வீடு: சுற்றுப்புறத்தை அமைத்துக் கொடுத்தவரைப் பற்றி

மலையில் ரெடிமேட் வீடு வைத்திருப்பவர்களுக்கும் வைக்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வீட்டை விற்ற கம்பெனியைப் பற்றி இதில் எதுவும் இல்லை. வீட்டைச் சுற்றியுள்ள இடத்தை அமைத்துக் கொடுத்தவரைப் பற்றி மட்டும்தான். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலரை கொடுப்பேன். அரை மார்க் எங்கே போனது என்பதையும் சொல்கிறேன்.

அவருக்குக் கடையோ போர்டோ கிடையாது. அடிவாரத்தில் சின்னதாக ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். கூட நாலைந்து ஆட்கள், நாகலூர்ப் பக்கத்துக் கல் மேஸ்திரி ஒருவர், அவ்வளவுதான். இருக்கிற வேலைக்கே ஆள் போதவில்லை, பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் அண்ணா என்று கேட்டுக்கொண்டார். அதனால் இங்கே தம்பி என்றே எழுதுகிறேன், நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். ஏற்காட்டில் நாற்று வாங்குகிறவர்களிடம் விசாரித்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

எங்கள் வீடு நாகலூர் ரோட்டை ஒட்டி, பழைய காப்பித் தோட்டம் ஒன்றின் ஓரத்துச் சரிவில் இருக்கிறது. 36 அடி நீளம், 12 அடி அகலம். இரும்புச் சட்டம், 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் (இரண்டு தகரத் தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பலகை) சுவர், மேலே தகரக் கூரை. அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், முழு வீட்டையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வர முடியாது. பேனல் பேனலாகப் பிரித்து லாரியில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். பூட்டிய வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. மேட்டுப் பக்கம் இரண்டடி, பள்ளத்துப் பக்கம் மூன்றரை அடி உயரத்துக்குக் கான்கிரீட் கால்கள்; அதன் மேல் நீளமான ஒரு வெள்ளைப் பெட்டி. சாவியைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. வெளியே வந்து பார்த்தால்தான் மனசு ஒப்பவில்லை. ரோடு போடுகிற காண்ட்ராக்டர் இறக்கி வைத்த சைட் ஆபீஸ் மாதிரி நின்றது. வீட்டுக்கு அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வெளிச்சம் தெரிந்தது. தெரு நாய்கள் அங்கே வந்து படுத்தன, பிளம்பிங் பைப் எல்லாம் தொங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரிந்தது. முதல் கோடை மழை வந்ததும் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கூரையில் விழுந்த தண்ணீர் நேராகச் செம்மண்ணில் கொட்டி, அங்கிருந்து தெறித்து, வெள்ளைச் சுவரில் ஒன்றரை அடி உயரத்துக்குச் சிவப்புப் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டது. காய்ந்த பிறகு துணியால் துடைத்தால் புள்ளி போய்விடும், பேனல் ஜாயின்ட்டுக்குள் புகுந்த சேறு மட்டும் ஒரு கோடாக நின்றுவிடும்.

என் தொழில் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை. கொலுசில் கம்பி வேலை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் பற்றவைத்த இடம் துருத்திக்கொண்டு தெரிந்தால் வியாபாரி சரக்கைத் திருப்பிவிடுவார். இந்த வீட்டுக்கும் அதே குறைதான் என்று எனக்குப் பட்டது. வீட்டிலும் பழுதில்லை, நிலத்திலும் பழுதில்லை, இரண்டும் சேருகிற இடத்தில் யாரும் வேலையே செய்யவில்லை.

முதலில் வெளியூர் லேண்ட்ஸ்கேப் கம்பெனி ஒன்றை வரவழைத்தோம். கம்ப்யூட்டரில் அழகாகப் படம் போட்டு அனுப்பினார்கள். முன்பக்கம் முழுவதும் மெக்சிகன் புல், சுவரை ஒட்டி வரிசையாக ஃபாக்ஸ்டெயில் பனை, இடையிடையே கலர் லைட். 2,60,000 ரூபாய் கேட்டார்கள். படத்தில் வெயில் பளீரென்று அடித்தது. எங்கள் இடத்தில் சில்வர் ஓக் நிழல் நாள் முழுக்க உண்டு, மூடுபனிக் காலத்தில் பத்து மணி வரை ஈரம் காயாது. அந்த நிழலில் புல்தரை பாசி பிடித்துக் கிடக்கும் என்று பக்கத்து எஸ்டேட் மேஸ்திரி பார்த்ததுமே சொன்னார். பனை மரத்தை வரிசையாக நட்டால் பெட்டியின் நீளத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஆகிவிடும் என்று எனக்கும் தோன்றியது. படத்தில் கூரைத் தண்ணீருக்கு ஒரு வழியும் இல்லை. அதோடு அதை விட்டுவிட்டோம்.

தம்பியிடம் பேசியபோது, மழை பெய்கிற அன்றைக்கு வருகிறேன் என்றார். சொன்ன மாதிரியே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். செடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்டிலிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எந்தக் காலடியில் மண் அரிக்கிறது, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக் குச்சி குச்சியாக நட்டார். என் மனைவி குடையோடு போய், "ரோஜா எங்க வைக்கலாம் தம்பி?" என்று கேட்டாள். "அக்கா, தண்ணி எங்க போவுதுன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கலாங்க. ரோஜா கடைசில வந்தாப் போதும்" என்றார். பார்வைக் கூலி 1,500 ரூபாய். வேலை கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வார், கொடுக்காவிட்டால் திருப்பித் தர மாட்டார். அந்தக் குச்சிகளுக்கே அந்தப் பணம் தகும்.

கணக்கு எளிதுதான். கூரை 40 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 400 லிட்டர் தண்ணீர், நாலு அங்குலம் பெய்தால் 4,000 லிட்டர். ஐப்பசியில் அடித்து ஊற்றும்போது அத்தனையும் வீட்டின் இரண்டு நீளப் பக்கங்களிலும் நேராக அடிமண்ணைக் குத்துகிறது. ரெடிமேட் வீடு பத்துப் பன்னிரண்டு கால்களில் நிற்கிறது. அதில் ஒரு காலடி இறங்கினாலும் கதவு நிலையில் மாட்டும், ஜன்னல் இழுக்காது. ஆகவே மேட்டுப் பக்கம், வீட்டிலிருந்து ஆறடி தள்ளி, தண்ணீரைத் திருப்பிவிடக் கருங்கல் பாவிய வாய்க்கால் ஒன்று வெட்டினார். கூரை ஓரத்தில் தண்ணீர் பிடிக்கக் குழாய் கட்டி, பள்ளத்துப் பக்கத் தொட்டிக்குக் கொண்டுபோனார். தொட்டி நிரம்பினால் வழியும் தண்ணீர் காப்பிச் செடிகளுக்குப் போகிறது.

அடுத்து அடிப்பக்கம். இதைத்தான் இந்த வேலையின் உயிர் என்று சொல்வேன். என் அக்கா மகன் அமெரிக்காவில், வட கரோலினாவில் இருக்கிறான். அங்கே ஆலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. 1976 ஜூன் 15 முதல் அவற்றுக்கென்றே மத்திய அரசின் கட்டுமான விதி இருக்கிறது. இரும்புச் சட்டத்தோடு தரைக்கு மேலே நிற்கிற வீடுகள் என்பதால், அடியில் உள்ள இடைவெளியைச் சுற்றி மறைப்பது அங்கே தனி வேலை, ஸ்கர்ட்டிங் என்கிறார்கள். பிளாஸ்டிக் பலகையிலும் செய்கிறார்கள், கல் மாதிரி அச்சடித்த தட்டிலும் செய்கிறார்கள். அவன் அனுப்பிய போட்டோக்களைத் தம்பியிடம் காட்டினேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம கல்லு கால்மாட்டுலயே கெடக்குதுங்கண்ணா, எதுக்குப் பிளாஸ்டிக்?" என்றார்.

சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட் வகை. உடைத்த முகத்தில் கருநீலமும் சாம்பலும் கலந்து மினுங்கும். கால் நடத் தோண்டியபோது வந்த கற்கள் மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றையே உடைத்து, மேஸ்திரி சுற்றுச்சுவர் எழுப்பினார். அவர் கல் வைக்கிற விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்து இரண்டு முறை புரட்டுவார், நல்ல முகம் எது என்று பார்த்துக்கொள்வார், சுத்தியலால் ஒரே தட்டு, உட்கார வைப்பார். ஆடினால் அடியில் சில்லு செருகுவார். சிமென்ட் கலவையை உள்பக்கமாக மட்டும் போட்டார், வெளியே கல்லும் கல்லும் சேருகிற நிழல்கோடுதான் தெரியும். அந்தக் கோட்டில் பெரணி தானாகவே முளைக்கத் தொடங்கிவிட்டது.

இந்தச் சுவர் வீட்டைத் தாங்கவில்லை, மறைக்க மட்டும்தான் செய்கிறது. அதனால் பேனலின் அடிச்சட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழேயே நிறுத்திவிட்டார். கல்லும் பேனலும் தொட்டால் கல்லில் ஏறும் ஈரம் இரும்புக்குப் போய்த் துரு பிடிக்கும் என்பது அவர் கணக்கு. ஐந்தடிக்கு ஒரு காற்றுத் துவாரம், எலி புகாதபடி வலை. பின்பக்கம் பிளம்பர் நுழைவதற்கு ஒரு சின்ன இரும்புக் கதவு. முழுக்க அடைத்துக் கட்டிவிட்டால் அடியில் காற்றில்லாமல் பலகை பூசணம் பிடிக்கும். மலையில் ரெடிமேட் வீடு வைத்த சிலர் செங்கல்லால் மூடிவிட்டு இப்போது அவதிப்படுகிறார்கள்.

சுவர் முடிந்ததும் அதன் வெளியோரமாக இரண்டடி அகலத்துக்கு மண்ணை அள்ளிவிட்டு ஜல்லி நிரப்பினார். கூரைக் குழாயையும் மீறி விழுகிற தண்ணீர் ஜல்லியில் விழுந்தால் தெறிக்காது. போன ஐப்பசி மழைக்குப் பிறகு சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. அந்த இரண்டடிக்குள் செடி எதையும் வைக்க விடவில்லை. சுவரைக் கழுவவும் ஸ்குரூவைப் பார்க்கவும் ஆள் நடக்க வழி வேண்டும், கொடி பேனல் இடுக்கில் வேர் விடக் கூடாது, செடி வழியாக எறும்பு ஏறக் கூடாது என்று காரணம் சொன்னார். கொடி வேண்டும் என்று என் மனைவி பிடிவாதமாக நின்றதால், சுவரிலிருந்து தள்ளி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் தனிப் பந்தல் போட்டு அதில் பேஷன் ஃப்ரூட் ஏற்றிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் சுவரிலேயே படர்ந்த மாதிரி இருக்கிறது.

கதவு நீளப் பக்கத்தின் நட்டநடுவில் இருக்கிறது. வாசலுக்கு நேர்ப் படி போட்டால் இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரிந்து பஸ் மாதிரி தெரியும் என்று, படியைக் கதவிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளினார். கதவிலிருந்து வலது மூலை வரை நீளத் திண்ணை, திண்ணையின் கோடியில் அகலப் படி. படியேறி, திண்ணையில் நாலு எட்டு நடந்துதான் கதவுக்கு வர வேண்டும். திண்ணைக்கு மேலே ஓட்டுத் தாழ்வாரம். எங்கள் அம்மா சாயங்காலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறார். வீட்டுக்கு முகம் என்று ஒன்று வந்தது அந்தத் திண்ணையால்தான். 36 அடி நீளம் எங்கே போனதென்று தெரியவில்லை.

செடிக்கு வருகிறேன். மூலையில் நின்ற பழைய சில்வர் ஓக்கை வெட்டச் சொன்னவர்கள் இரண்டு பேர். தம்பி தொடக்கூட விடவில்லை. காய்ந்த கிளைகளை மட்டும் கழித்து, அடியில் மிளகுக்கொடி ஏற்றினார். வீட்டின் கூரைக்கு மேலே உயரமாக ஏதாவது ஒன்று நின்றால்தான் பெட்டியின் தட்டை மட்டம் உடையும். எதிர் மூலையில் ஓர் ஆரஞ்சு மரம். முன்பக்கம் வேலிக்குப் பதிலாக அரபிகா காப்பி. இது எனக்குத் தோன்றியிருக்கவே செய்யாது. காப்பியை எல்லோரும் பயிராகத்தான் பார்க்கிறோம். 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்ததிலிருந்து இந்த மலைக்கு அது சோறு போடுகிற செடி, அலங்காரத்துக்கு வைக்க யாரும் நினைப்பதில்லை. ஆனால் இடுப்பு உயரத்துக்குக் கவாத்து செய்தால் இலை வருஷம் முழுக்கக் கரும்பச்சையாக மினுங்குகிறது, நிழலிலும் வளர்கிறது. கோடையில் முதல் மழை விழுந்த எட்டுப் பத்து நாளில் கொப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்து மல்லிகை வாசம் அடிக்கிறது. கார்த்திகை, மார்கழியில் பழம் சிவக்கிறது. வீட்டின் கீழ்ப்பாதி அதில் மறைந்து, மேல்பாதி தோட்டத்திலிருந்து எழும்பி நிற்கிற மாதிரி தெரிகிறது.

சரிவின் விளிம்பில் வெட்டிவேர் வரிசை. அது பத்தடி ஆழம் வரை வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நிழல் பக்கம் ஹைட்ராஞ்சியா. மலை மண்ணின் புளிப்பால் அது நீலமாகத்தான் பூக்க வேண்டும், பூத்தது. சிமென்ட் கால்களை ஒட்டி இருந்த செடி மட்டும் இளஞ்சிவப்பாகப் பூத்தது. சிமென்ட்டின் சுண்ணாம்பு இறங்கிய இடம் அது என்று தம்பி சொன்னார். இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கவே வருகிறவர்கள் நிற்கிறார்கள். பாதையோரத்தில் என் மனைவி கேட்ட ரோஜாவும் கடைசியாக வந்தது.

ஆர்க்கிட் வேண்டும் என்று என் மகள் கேட்டாள். காட்டு மரத்திலிருந்து பிய்த்து வந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை வாங்கவே கூடாது என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பார்க்க ஆசையிருந்தால் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிடேரியம் 1963 முதல் இங்கேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று பிள்ளையை அனுப்பினார். வியாபாரம் கையைவிட்டுப் போகும் என்று தெரிந்தும் இப்படிச் சொல்கிற ஆளிடம் நம்பி வேலை கொடுக்கலாம்.

இனி குறைகள். முதலில் கட்டிய கூரைக் குழாய் பி.வி.சி. குரங்குகள் கூரையில் குதித்து, அதைப் பிடித்துத் தொங்கி, ஒரு பக்கம் வளைத்துவிட்டன. ஏற்காட்டில் வேலை செய்கிறவருக்குக் குரங்கைத் தெரியாதா என்ன? முதலிலேயே ஜி.ஐ. போட்டிருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தார், பொருளுக்குப் பாதி விலை வாங்கினார். முழுதும் அவரே ஏற்றிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வாசல் பக்கம் காகிதப்பூ வைத்தார், மூடுபனி ஈரத்தில் இலை இலையாகத் தழைத்துப் பூக்கவே இல்லை. அதைப் பிடுங்கிவிட்டு நீலத் தன்பெர்ஜியாக் கொடி வைத்தார், அதற்குப் பணம் வாங்கவில்லை. காப்பி பழம் பறிக்கிற மாதங்களில் அவருடைய ஆட்கள் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் படிவேலை அப்படிப் பாதியில் நின்று, பலகையில் ஏறித்தான் வீட்டுக்குள் போய் வந்தோம். அம்மாவைக் கைப்பிடித்து ஏற்றுவது பெரும்பாடாக இருந்தது. இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அரை மார்க் போனது இங்கேதான்.

பணம்: கல் சுவர், திண்ணை, படி எல்லாம் சேர்த்து 1,12,000 ரூபாய். வாய்க்கால், கூரைக் குழாய், தொட்டி 41,000. செடி, தொழு உரம், மூடாக்கு, நடவுக் கூலி 34,000. மொத்தம் 1,87,000. செடிக்குப் போனது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் வாய்க்காலும் கல் சுவரும் ஜல்லியும் மட்டும் முதலில் செய்துகொள்ளுங்கள். வெட்டிவேரும் காப்பி நாற்றும் அடுத்த மழைக்கு நட்டுக்கொள்ளலாம், நாற்று விலை அதிகமில்லை.

சேலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சுண்ணாம்புக்கரடு பக்கம் என் நண்பர் கன்டெய்னர் ஆபீஸ் ஒன்று வைத்திருக்கிறார். அங்கேயும் தம்பிதான் வேலை பார்த்தார். மேக்னசைட் என்ற வெள்ளைத் தாது கலந்த வெளிறிய மண், மேலே இரும்புப் பெட்டி, சித்திரை வெயில். அங்கே தண்ணீர் பிரச்சினையைவிட மேற்கு வெயில்தான் பெரிய பிரச்சினை. வெளியிலிருந்து வண்டல் மண் கொண்டுவந்து குழி நிரப்பி, மேற்குப் பக்கம் புங்கனும் வேம்பும், முன்னால் நொச்சி வேலி வைத்தார். இங்கே பூக்காத காகிதப்பூ அங்கே இலை தெரியாமல் பூக்கிறது. கன்டெய்னரின் அடிப்பக்கத்தை மட்டும் அங்கேயும் இதே முறையில் கல் வைத்து, துவாரம் விட்டுத்தான் மூடியிருக்கிறார்.

வேலை கொடுப்பதானால் மாசி, பங்குனியில் பேசிவிடுங்கள். பழப் பறிப்பு முடிந்து ஆட்கள் கையில் இருப்பார்கள், கோடை மழைக்கு முன்னால் கல் வேலை முடியும், மழை விழுந்ததும் நடவு செய்யலாம். சரிவில் மண் வெட்டவும் மரத்தில் கை வைக்கவும் அனுமதி வாங்க வேண்டியிருந்தால் அதை நீங்களே முடித்து வைக்க வேண்டும், அவர் அலைய மாட்டார். முன்பணம் மூன்றில் ஒரு பங்கு கேட்பார், கல் வேலை முடிந்ததும் இன்னொரு பங்கு. மீதியை ஓர் ஐப்பசி மழை பார்த்த பிறகு வாங்கிக்கொள்வது அவரே வைத்திருக்கும் வழக்கம். எங்களிடமும் மழை விட்ட மறுநாள் வந்து, மண்வெட்டியோடு வாய்க்காலைக் கடைசி வரை நடந்து பார்த்து, தேங்கிய இடத்தில் இரண்டு கல்லை எடுத்து மாற்றி வைத்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.